கேஜ் காலியாக இறங்கட்டும்

நாங்கள் சொன்னது சரி. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கீழே நான் ஒப்புக்கொள்ளப் போகும் தவறைக் காட்டி, அன்றைய எதிர்க்கட்சிக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று யாராவது சொல்லக்கூடும். அதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன். தவறு என் ஒருவனுடையது. விமரிசனம் ஊருடையது.

ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்களே, அந்த வருஷம். கோலார் தங்க வயலின் சுரங்கங்கள் வெள்ளைக்காரக் கம்பெனியின் கையிலிருந்து அரசாங்கத்தின் கைக்கு வந்து சில காலம் ஆகியிருந்தது. கைமாறிய நாளில் ஆண்டர்சன்பேட்டைக் கடைவீதியில் லட்டு கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன். இனித் தங்கம் நம்முடையது என்று எல்லோரும் நம்பினோம். நம்முடையதாகத்தான் ஆயிற்று. அதற்கு விலை வைப்பது மட்டும் வெளிநாட்டார் கையில் இருந்தது. ஆழத்திலிருந்து எடுத்த தங்கத்தை அரசாங்கம் உலகச் சந்தை விலைக்கு எடுத்துக்கொண்டது. அதே தங்கத்துக்குக் கடைவீதியில் அதைவிட வெகு அதிகமான விலை. குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டு, பிறகு கணக்குப் பார்த்து, சுரங்கம் நஷ்டத்தில் ஓடுகிறது, கூலியை உயர்த்த வழியில்லை என்றார்கள்.

தங்கம் போய் அயல்நாட்டுக் கடனுக்கு ஈடாக நின்றது. கடனில் கோதுமை வந்தது. ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக அந்தக் கோதுமையைப் போட்டார்கள். எங்கள் பெண்கள் அதை என்ன செய்வதென்று தெரியாமல் ஊறவைத்து அரைத்துக் களி கிண்டினார்கள். அது களியாகவும் இல்லை, கூழாகவும் இல்லை. போதாததற்குத் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம். நல்ல தங்கத்தில் புது நகை செய்யக்கூடாது, பாதிச் செம்பு கலந்துதான் செய்ய வேண்டும். பூமிக்குள் இறங்கித் தங்கம் வெட்டுகிறவன் தன் மகளுக்கு நல்ல தங்கத்தில் ஒரு தாலி செய்தால் குற்றம். எல்லையில் சண்டை வந்தபோது இதே பெண்கள் வளையலைக் கழற்றி யுத்த நிதிக்குக் கொடுத்தவர்கள். மலைமேல் அனுப்பிய சிப்பாய்களுக்குக் கம்பளி உடுப்பு இல்லை என்று பிறகு பத்திரிகையில் படித்தோம். அப்படியானால் வளையல்கள் எங்கே என்று கேட்டால் தேசத்துரோகி என்றார்கள். நாங்கள் கேட்டோம்.

உள்நாட்டுக் கொள்கை என்றும் வெளிநாட்டுக் கொள்கை என்றும் தலையங்கம் எழுதுகிறவர்கள் இரண்டாகப் பிரித்து எழுதுவார்கள். எங்கள் ஊரில் ஆழத்துக்கு இறங்கும் ஷாஃப்டின் வாயருகே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே கயிற்றில் ஏறி இறங்குவது தெரியும்.

இதைக் கட்சிக்கு முதலில் புரியவைத்தவர் எங்கள் கிளைச் செயலாளர். சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மர முட்டுக் கொடுக்கும் வேலை அவருக்கு. மெலிந்த மனிதர். வெடிச் சத்தத்தில் ஒரு காது போய்விட்டது, மற்றக் காதிலும் பாதிதான் மிச்சம். அதனால் ரகசியம் பேசத் தெரியாது. அவர் ஒருவர் காதில் கிசுகிசுத்தால் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும்.

நான் ஆண்டர்சன்பேட்டையில் சபையார் நடத்திய உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியன். கட்சிக் கூட்டங்களில் மொழிபெயர்ப்பாளன். வெளியூர்த் தலைவர்கள் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ பேசுவார்கள். அவர்கள் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்த, பக்கத்து மைக்கில் நான் தமிழில் சொல்வேன். என் கிளை, என் கட்சி என்று வெளியே சொல்லிக்கொள்ள முடியாது. பள்ளியின் தாளாளர் ஒரு போதகர், கண்டிப்பானவர். அவர் எனக்கு அனுமதி கொடுத்தபோதே வரம்பையும் சொல்லிவிட்டார். "நீர் மொழிபெயர்ப்பவர். மொழிபெயர்ப்பவனுக்குக் கருத்து கிடையாது. அதை மறக்காதிரும்" என்றார். நான் தலையாட்டினேன்.

ஆனால் நான் இந்தத் தொழிலைக் கற்றதே அவருடைய கோயிலில்தான். கல்லூரி முடித்து வந்த புதிதில், விருந்தினராக வரும் வெள்ளைக்காரப் போதகர்களின் பிரசங்கத்தை நான்தான் தமிழில் சொல்வேன். எங்கள் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. போதகர் சொன்னதை அப்படியே சொல்கிறவனை நல்ல மொழிபெயர்ப்பாளன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஊர்ச் சரக்கைக் கொஞ்சம் சேர்க்க வேண்டும். போதகர் "இருளில் நடக்கிற மனிதன்" என்று சொன்னால் நான் "லாம்பு அணைந்து சுரங்க லெவலின் இருட்டில் தடவித் தடவி நடக்கிற மனிதன்" என்பேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். போதகர் தன் வாக்கியம்தான் அவர்களை அழவைத்தது என்று நினைத்து இன்னும் உற்சாகமாகப் பேசுவார். யாருக்கும் நஷ்டமில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் நான் கட்சி மேடைக்கு வந்தேன்.

மேடையில் எனக்குப் பின்னால் செயலாளர் நிற்பார். தலைவர் எதை விட்டாலும் அவர் எடுத்துக் கொடுப்பார். "வாத்தியாரே, வெல வித்தியாசத்த சொல்லு. கோதும சமாச்சாரத்த உட்டுட்டாரு பாரு, அத்த சேத்துக்கோ" என்பார். அவர் கணக்கில் அது கிசுகிசு. முன்வரிசை முழுவதும் சிரிக்கும். ஒருமுறை யாரோ கீழேயிருந்து, "செயலாளரே, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல" என்று கத்தினார். அவருக்குப் பாதிதான் கேட்டது. பெருமையோடு கும்பிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தில்லியில் எங்கள் கட்சிக்காகப் பேசுகிற பெரிய தலைவர் ஒருவர் வந்திருந்தார். கடைவீதியை ஒட்டிய மைதானம் நிறைந்திருந்தது. முதல் ஷிப்ட் முடித்துக் குளித்துவிட்டு வந்தவர்கள், இரவு ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள், சட்டத்தால் வேலையிழந்த பொற்கொல்லர்கள், பெண்கள் தனியாக ஒரு பக்கம். என் மனைவி அந்தப் பக்கத்தில் இருந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆங்கிலம் நன்றாகப் புரியும்.

தலைவர் நன்றாகப் பேசினார். கடன் வாங்கிய நாடு சொந்தக் குரலில் பேச முடியாது என்றார். எல்லோருக்கும் நண்பர் என்று சொல்லிக்கொண்ட அரசாங்கத்துக்கு யுத்தம் வந்தபோது ஒரு நண்பரும் வரவில்லை என்றார். சண்டை முடிந்த பிறகும் சண்டைக்காலச் சட்டத்தை வைத்துக்கொண்டு எதிர்க்கட்சிக்காரர்களைச் சிறையில் வைப்பது எதற்கு என்று கேட்டார். நான் சொல்லிக்கொண்டே போனேன். செயலாளர் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். தங்கத்தின் விலையைப் பற்றிச் சொன்னபோது கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று.

அப்போது தரை அதிர்ந்தது.

எங்கள் ஊரில் அதற்கு விளக்கம் வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஆழத்தில் பாறை தன் மேல் உள்ள பாரம் தாங்காமல் தானே வெடிக்கும். மேலே வீட்டில் பாத்திரங்கள் உருளும், சுவரில் கோடு விழும். அன்று மைக் கம்பி ஆடியது. கடைகளின் தகரக் கூரைகள் தடதடத்தன. பிறகு ஒரு சத்தமும் இல்லை. மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் மேடைக்கு முதுகைக் காட்டி ஷாஃப்ட் இருக்கும் திசையைப் பார்த்தார்கள். இரண்டாவது ஷிப்ட் கீழே இருந்தது. சங்கு ஊதினால் விபத்து. ஊதாவிட்டால் தப்பித்தது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். காத்திருப்பதைத் தவிர செய்வதற்கு எதுவும் இல்லை. செயலாளர் மேடையிலிருந்து குதித்துக் கூட்டத்தின் ஓரத்துக்கு ஓடினார். அவருடைய தம்பி கீழே இருந்தான்.

தலைவர் என்னிடம், கல் குவாரியா என்று கேட்டார். சுரங்கத்துக்குள் என்றேன். வருத்தமாகத் தலையசைத்தார். பிறகு, பேச்சை அறுபட விடக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, மைக்கின் பக்கம் திரும்பி, நம் வெளிநாட்டுக் கொள்கை நம்முடைய சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். என் முறை.

நான் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. அத்தனை முதுகுகளுக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் சொன்னது இது:

"தில்லியில இருக்கறவங்களுக்கு இந்தச் சத்தம் கேக்காது. அவங்களுக்குக் கேக்கணும்னா ஒரு நாள் இங்க சத்தமே இல்லாம இருக்கணும். ஒரே ஒரு ஷிப்ட், கேஜ் காலியா இறங்கட்டும். தங்கம் யார் கையில இருக்குதுன்னு அப்பத் தெரியும்."

கேஜ் என்பது ஆட்களை ஆழத்துக்கு இறக்கும் இரும்புக் கூண்டு. முதுகுகள் திரும்பின. ஒருவர் கைதட்டினார். பிறகு மைதானமே தட்டியது. தலைவர் மகிழ்ந்துபோனார். வெளிநாட்டுக் கொள்கைக்கு இத்தனை வரவேற்பு அவர் தில்லியில்கூடக் கண்டிருக்க மாட்டார். அதே வாக்கியத்தை இன்னும் உரத்த குரலில் திரும்பச் சொன்னார். நானும் என் வாக்கியத்தைத் திரும்பச் சொன்னேன்.

சங்கு ஊதவில்லை. கூட்டம் முடியும் நேரத்தில், ஒருவருக்குக் கால் நசுங்கிவிட்டது, உயிருக்கு ஆபத்தில்லை என்று செய்தி வந்தது. செயலாளரின் தம்பி முழுதாக மேலே வந்தான். தலைவர் காரில் ஏறி பெங்களூருக்குப் போனார்.

மறுநாள் காலை முதல் ஷிப்ட். கால் நசுங்கியவர் வேலை செய்த ஷாஃப்டில் ஆட்கள் வழக்கம்போல் வந்தார்கள். லாம்பு வாங்கினார்கள். கேஜின் முன்னால் வரிசையில் நின்றார்கள். ஒருவரும் ஏறவில்லை. மணியடித்தார்கள், கேஜ் காலியாக இறங்கியது, காலியாக ஏறியது. மேஸ்திரி கெஞ்சினார், பிறகு திட்டினார். யாரும் பதில் பேசவில்லை, சத்தம் போடவில்லை, கல்லெறியவில்லை. ஷிப்ட் முடியும் வரை நின்றுவிட்டு லாம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அடுத்த ஷிப்ட் இறங்கியது.

நான் அப்போது வகுப்பில் இருந்தேன். ஜன்னல் வழியாக அந்த ஷாஃப்டின் மேல் சக்கரம் சுற்றுவது தெரியும். செய்தி பள்ளிக்கூடத்துக்கும் வந்துவிட்டிருந்தது. சக்கரம் சுற்றச் சுற்ற எனக்குள் ஏறிய பெருமையை நான் மறைக்க மாட்டேன். என் ஒரு வாக்கியம் ஒரு ஷாஃப்டை நிறுத்தியது. இன்றைக்கும், எல்லாம் நடந்த பிறகும், அதில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

அந்த ஒரு ஷிப்டுக்கு அரசாங்கம் பயந்தது. பயந்ததால்தான் அத்தனை கோபம். யுத்தகாலச் சட்டம் இன்னும் அமலில் இருந்தது. சுரங்க வேலையை நிறுத்துவது தேசப் பாதுகாப்புக்கு எதிரான குற்றம் என்றார்கள். கூட்டத்துக்கு வந்திருந்த போலீஸ்காரர் பேச்சைத் தமிழில்தான் எழுதி வைத்திருந்தார். வேகமான ஆங்கிலம் அவருக்கு வராது. ஆக, தலைவர் பேசியதாக அரசாங்கத்திடம் இருந்தது முழுவதும் நான் பேசியது. தலைவர் பெங்களூரிலிருந்து ஆங்கிலப் பத்திரிகைக்கு அறிக்கை கொடுத்தார். தாம் பொருளாதாரத்தையும் வெளிநாட்டுக் கொள்கையையும் பற்றி மட்டுமே பேசியதாகவும், வேலை நிறுத்தத்துக்கு யாரையும் அழைக்கவில்லை என்றும் சொல்லியிருந்தார். அவர் சொன்னது முழு உண்மை. பிறகு மிஞ்சியது ஒரே கேள்வி: அப்படியானால் சொன்னது யார்?

முதலில் தாளாளர் கூப்பிட்டார். நிற்கவைத்தே கேட்டார். "அது பேசினவருடைய வார்த்தையா, உம்முடைய வார்த்தையா? உம்முடையதானால் சொல்லும். இன்று சாயங்காலமே நீர் ராஜினாமா கொடுத்துவிடலாம்."

என்னுடையது இல்லை என்றேன். இரண்டு குழந்தைகள், பள்ளி கொடுத்த வீடு, ஊரில் கிடைத்த மரியாதை. இவற்றைக் காரணமாகச் சொல்லலாம். ஆனால் செயலாளருக்கு நான்கு குழந்தைகள். அவருடைய வீடும் வேலையோடு சேர்ந்ததுதான். எனவே காரணம் வேண்டாம். பயந்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சுரங்க நிர்வாகத்தின் விசாரணைக்கு என்னைச் சாட்சியாக அழைத்தார்கள். விசாரணை அதிகாரி வெளியூரிலிருந்து வந்தவர், மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொன்னார். காப்பி வரவழைத்தார். நானும் கல்லூரியில் படித்தவன் என்பது அவருக்குப் பிடித்திருந்தது. ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டோம்.

மேடையில் உமக்குப் பின்னால் கிளைச் செயலாளர் நின்று எடுத்துக் கொடுப்பது வழக்கமா என்று கேட்டார். ஆம் என்றேன். ஊருக்கே தெரிந்த விஷயம். அன்றும் எடுத்துக் கொடுத்தாரா? கொடுத்தார் என்றேன். அதுவும் உண்மை, தரை அதிரும் வரையில். இந்தக் குறிப்பிட்ட வாக்கியத்தையும் அவர்தான் எடுத்துக் கொடுத்தாரா?

அவர் சொல்வதையும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம் என்று பதில் சொன்னேன்.

"ஆம்" என்ற சொல்லை நான் சொல்லவில்லை. என் படிப்பு அதற்குத்தான் பயன்பட்டது. அதிகாரி எழுதிக்கொண்டார். அந்த நேரத்தில் செயலாளர் மேடையிலேயே இல்லை என்பதைச் சொல்லக்கூடியவர்கள் ஊரில் அநேகமாக யாரும் இருக்கவில்லை. எல்லோரும் ஷாஃப்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

அவருடைய முறை வந்தபோது என்ன நடந்தது என்பதை விசாரணை அறையில் இருந்த ஒருவர் பிறகு எனக்குச் சொன்னார். என் வாக்குமூலத்தைத் தமிழில் அவருக்குப் படித்துக் காட்டினார்கள். காது சரியாகக் கேட்காததால் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு சொன்னார்.

"ஆமாங்க, நான்தான் சொன்னேன். இன்னொரு வாட்டி சொல்லட்டுமா, எழுதிக்கிறீங்களா?"

வேலை போயிற்று. சில மாதம் சிறை. சுரங்கம் கொடுத்திருந்த லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அவர் உள்ளே இருந்தபோதே அவர் மனைவியும் தம்பியும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு, ஆண்டர்சன்பேட்டையில் ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்குப் போனார்கள். சாமான் தூக்க நான் போகவில்லை. என் மனைவி போனாள். திரும்பி வந்து கை கால் கழுவிக்கொண்டு அடுப்பங்கரை வாசலில் நின்றாள்.

"தலைவர் இங்கிலீஷ்ல என்ன சொன்னாருன்னு நான் கேட்டேன். நீங்க தமிழ்ல என்ன சொன்னீங்கன்னும் கேட்டேன். நடுவுல யாரும் பேசல" என்றாள்.

அவள் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவ்வளவு வருஷம் ஒரே வீட்டில் அப்படி இருந்தோம்.

சிறையிலிருந்து வந்தவர் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் வேலைக்கு உட்கார்ந்தார். கட்சிக் கிளையும் அங்கேயே வந்து உட்கார்ந்தது. ஒருவரும் எதிர்பாராத வகையில், அடுத்த கூட்டத்துக்கு என்னையே அழைத்தார். "ஞாயித்துக்கெழம கூட்டம் சார். வர்றீங்களா?" என்றார். அதுவரை நான் அவருக்கு வாத்தியாரே, நீ, வா, போ. அன்றிலிருந்து சார். நான் போனேன். இன்னும் நன்றாக நினைவிருக்கிறது, தலைவர்கள் சொன்னதற்கு மேல் ஒரு சொல் சேர்க்காமல் மொழிபெயர்த்தேன். கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. "வாத்தியாருக்கு இன்னா ஆச்சு? ரேடியோவுல நூஸ் படிக்கிற மாதிரி படிக்கிறாரு" என்று கடைவீதியில் பேசிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் தேர்தல்கள் வந்தன, போயின. எங்கள் கட்சி எங்கள் தொகுதியில் ஒருமுறை ஜெயித்தது, ஒருமுறை தோற்றது. தங்கத்தின் விலையை வைக்கும் முறை மாறவில்லை. நாங்கள் கேட்பதையும் நிறுத்தவில்லை. சட்டசபையில் கேட்டார்கள், தில்லியில் கேட்டார்கள், நாங்கள் மைதானத்தில் கேட்டோம். அரசாங்கத்தின் பதில் எப்போதும் ஒன்றுதான்: நஷ்டம். ஒரு வீட்டில் சமைக்கிறவளுக்குச் சோறு போடாமல், அவள் மெலிந்துவிட்டாள், சமைக்க லாயக்கில்லை என்று சொல்வதைப் போன்றது அது. இந்த உவமை செயலாளருடையது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவருக்குச் சுரங்கத் தூசி நெஞ்சில் பேச ஆரம்பித்தது. பேச்சுக்கு நடுவில் இருமிவிட்டுத் துப்புவதற்கு எழுந்து போவார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அதிக நேரமாகும். எனக்குப் பயம் வந்துவிட்டது, இந்தத் தடவை வேறு மாதிரிப் பயம். ஒரு நாள் பள்ளி விட்டதும் நேராகச் சைக்கிள் கடைக்குப் போனேன். அவர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. கேட்கிற காதின் பக்கம் குந்தி உட்கார்ந்தேன். அடுத்த கூட்டத்தில் மைக்கில் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். அந்த வாக்கியம் என்னுடையது, விசாரணையில் நான் சொன்னது பொய், ஊர் அறியட்டும் என்றேன்.

அவர் ட்யூபை வெளியே எடுக்கவில்லை.

"அந்த நேரத்துல நான் மேடையில இல்லன்னு எனக்குத் தெரியாதா சார்?"

"அப்புறம் ஏண்ணா ஒத்துக்கிட்டீங்க?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்" என்றார். சார் போய்விட்டிருந்தது. "அந்த ரூமுக்குள்ள போற வரைக்கும் பாத்தேன். நீ சொல்லல. தலைவரும் பெங்களூர்லேர்ந்து நான் சொல்லலன்ட்டாரு. நானும் இல்லன்னா, அத்த யாருமே சொல்லலன்னு ஆயிடும். அத்தினி பேரு லாம்ப கையில வெச்சிக்கினு நின்னாங்களே, காத்து சொன்னத கேட்டா நின்னாங்க?"

நான் மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தேன். அவர் ஈரக் கையை உதறினார்.

"அத்த உடு. ஒரு தொழிலாளி சொன்னான், தொழிலாளிங்க நின்னாங்க. அதான் இந்த ஊர்ல இருக்கற பேச்சு. இப்ப நீ மைக்கப் புடிச்சி, இல்ல, வாத்தியாரு இங்கிலீஷ தப்பா மொழிபேத்துட்டாருன்னு சொல்லு. கவர்மெண்டு சிரிக்கும். நின்னவன் பேக்கு ஆயிடுவான். ஒன் மனசு லேசாவறதுக்கு அவங்கள பேக்காக்குவியா?"

"அப்ப நான் என்ன செய்யறது?"

"பேசணும்னா புதுசா பேசு. ஒன் பேர்ல பேசு. பழசு எனுது. அதுக்கு வூட்டக் குடுத்துட்டேன்."

பிறகு இருமல் வந்துவிட்டது. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டுப் பஞ்சர் ஒட்டினார்.

அவர் சொன்னதை நான் இத்தனை வருஷம் காப்பாற்றினேன். அவர் போய் வெகுகாலம் ஆகிறது. லாம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் நானறிந்து யாரும் இல்லை. நஷ்டம், நஷ்டம் என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் சுரங்கங்களையே மூடிவிட்டார்கள். நின்றவர்களின் பிள்ளைகளுடைய பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். நாங்கள் அன்று மைதானத்தில் சொன்னதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நின்றவர்கள் ஒரு மொழிபெயர்ப்பாளனின் பேச்சைக் கேட்டு ஏமாந்து நிற்கவில்லை. காலையில் எழுந்து, யோசித்து, நசுங்கிய காலை நினைத்து நின்றார்கள். அந்த வாக்கியத்தை நான் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அது அவருடையதுதான். விசாரணை அறையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு சொன்ன பதில் மட்டும் என்னுடையது. அதை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அவர் சொன்னபடி ஒருமுறை பேசவும் செய்தேன். அவர் இருந்தபோதே, சைக்கிள் கடையில் அப்படிச் சொன்ன சில காலத்துக்குப் பிறகு, ஒரு சுரங்கத்தை மூடப்போவதாகப் பேச்சு. கண்டனக் கூட்டத்துக்குப் பெங்களூரிலிருந்து வரவேண்டிய பேச்சாளர் வரவில்லை. நேரத்தைக் கடத்த யாராவது பாட்டுப் பாடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் போய் மைக்கின் முன் நின்றேன். பக்கத்து மைக்கில் ஆளில்லை. என் பேரைச் சொன்னேன், என் பள்ளியைச் சொன்னேன், நான் இந்தக் கட்சிக்காரன் என்று சொன்னேன். இது யாருடைய பேச்சின் மொழிபெயர்ப்பும் அல்ல என்றேன். முன்வரிசையில் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள்.

தங்கத்தை எந்த விலைக்கு எடுத்தீர்கள் என்று கேட்டேன். வெளிநாட்டு வங்கிக்காரன் விரலை அசைத்தால் எங்கள் ஊர் அடுப்பு ஏன் அணைகிறது என்று கேட்டேன். உலகத்துக்கெல்லாம் சமாதானம் சொல்லப் போகிற அரசாங்கம், ஆழத்தில் கால் நசுங்கியவனுக்கு என்ன சொல்லிற்று என்று கேட்டேன். சுரங்கத்தை மூடுவதானால் முதலில் நீங்கள் இறங்கி வந்து பாருங்கள், கேஜில் இடம் இருக்கிறது என்றேன். என் மனைவி பெண்கள் பக்கத்தில் எழுந்து நின்று கேட்டாள்.

மறுநாள் தாளாளரின் ஓலை வந்தது. விளக்கம் கேட்டிருந்தார். சொன்னது அத்தனையும் என் சொந்த வார்த்தை என்று எழுதிக் கொடுத்தேன். வேலையை எடுக்கவில்லை. ஆனால் தலைமையாசிரியர் நாற்காலி என்னைத் தாண்டிப் போயிற்று. ஓய்வு பெறும் வரை தாண்டியே போயிற்று. இதை ஈடு என்று யாரும் எண்ண வேண்டாம். ஒரு நாற்காலி வேறு, ஒரு வீடு வேறு.

அன்று கூட்டம் கலைந்த பிறகு நான் மேடையிலிருந்து இறங்கிச் செயலாளரைத் தேடினேன். அவர் ஏதாவது சொல்வார் என்று நின்றேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், பாராட்டை எதிர்பார்த்துத்தான் நின்றேன். அவர் வாடகைக்கு எடுத்த பெஞ்சுகளை இழுத்து ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தார். இழுக்க இழுக்க மூச்சு வாங்கியது.

"கொஞ்சம் நீட்டிட்டீங்க சார்" என்றார். "அந்தப் பக்கம் புடிங்க."

பிடித்தேன். பெஞ்சுகளை வாடகைக்கு விட்ட கடைக்காரர் கதவை மூடுவதற்குள் எல்லாப் பெஞ்சுகளையும் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.